ஞானஸ்நானம் தந்த முன்னோர்



மறைந்துபோன தலைமுறைகளோடு ஒரு திருச்சபையாருக்கு உள்ள பந்தம் எத்தகையது என்பதைக் குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். வேத பண்டிதர்கள் நூல்களை விரித்து வைத்துக்கொண்டு பேசத்தக்க விஷயம் இது. நானோ அதைத் தாமிரபரணிக் கரையிலும், அதற்குத் தெற்கே பனைகள் நிறைந்த செம்மணல் தேரிக்காட்டிலும் வேரூன்றி வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரத்தை முன்னிட்டே பேச விரும்புகிறேன். எனக்குத் தெரிந்த சரித்திரமும் என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய சரித்திரமும் அதுவே.

முன்னோர் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது குலமும் வம்சமுமே. புதிதாக ஒருவரைச் சந்தித்த மாத்திரத்தில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகையறா என்று விசாரித்து, அவருடைய பாட்டனாரையும் பூட்டனாரையும் கண்டுபிடித்து, அதன்பின்பே அவரை அவராக ஏற்றுக்கொள்வது நம்முடைய வழக்கமாயிருக்கிறது. சபைக்குள்ளும் இவ்வழக்கம் சற்றும் குறையவில்லை. 'எங்கள் பாட்டனார் கட்டின ஆலயம்', 'எங்கள் குடும்பத்தார் எடுத்துக்கொடுத்த மணி' என்று நாம் சொல்லும்போது, அந்தப் பாட்டனார் நம்முடைய இரத்தத்தின் பாட்டனாராகவே இருக்கிறார். அன்பினால் வரும் இப்பேச்சை நான் குறை கூற வரவில்லை. ஆயினும் ஒரு திருச்சபையின் முன்னோர் வரிசை இவ்விதமாய் அமைவதன்று என்பதும், ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்ட அந்த நேரத்தில், நம் குலத்தாரும் அல்லாத, நம் ஊராரும் அல்லாத, சில சமயங்களில் நம் பெற்றோர் வாசலில் ஏறவிட்டிருக்கவும் மாட்டாத மனிதர் பலர் நமக்குப் பாட்டன் பாட்டிமாராகிவிடுகிறார்கள் என்பதும் என் துணிபு. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு காரியத்தைப் பற்றியதே.

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையாரின் ஜாபிதா ஒன்று எழுதப்பட்டது. அதில் உள்ளவை நாற்பது பெயர்கள். திருநெல்வேலித் திருச்சபை தன் வயதைக் கணக்கிடுவது அந்த ஜாபிதாவிலிருந்துதான். அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்னரே, திருச்சிராப்பள்ளிச் சபையோடு தொடர்புடைய சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையிலிருந்து தம்மைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சுவிசேஷத்தை வாசித்துக் காட்டிவந்தார் என்று மிஷனெரியாகிய சுவார்ட்ஸ் ஐயர் தம்முடைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே, இச்சபையின் முதல் சப்தம் அயல்நாட்டார் ஒருவரின் பிரசங்கமன்று. தமிழர் ஒருவர் தம் அண்டை வீட்டாருக்குப் புஸ்தகம் வாசித்த சப்தமே. எனினும் ஜாபிதாவில் முதலாவது நிற்கும் பெயர் ஒரு ஸ்திரீயினுடையது.

அவர் தஞ்சைச் சீமையிலிருந்து வந்த மராட்டிய அந்தணர் குலத்து விதவை. லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை உத்தியோகஸ்தரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் வேண்டுமென்று அவர் கேட்டபோது, அவருடைய வாழ்க்கை நிலையைக் காரணங்காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த உத்தியோகஸ்தர் இறந்தபின், 1778ல் அதே ஐயர் கையினாலேயே ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயரை ஏற்றார். கோட்டைக்குள் அவருடைய முயற்சியால் எழுந்த சிறிய ஆலயம் 1785ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதை இன்றும் ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும், அவர் வெட்டுவித்த கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றும் சொல்லிவருகிறார்கள். மறுக்கப்பட்டும் மனங்கசந்து விலகாமல், வருஷக்கணக்காய் வாசலில் நின்று, உள்ளே சேர்ந்தவுடன் தமக்குப் பின்வருகிறவர்களுக்கென்று கூரையையும் தண்ணீரையும் ஆயத்தம்பண்ணின அந்த அம்மையாரை நான் மிகுந்த வணக்கத்தோடு நினைக்கிறேன். அவருக்குப் பின் அந்த ஜாபிதாவில் வரும் பெயர்களோ, அக்காலத்தில் ஒரே திண்ணையில் உட்காரவும் ஒரே கிணற்றில் நீர் மொள்ளவும் ஒவ்வாதவர்களாய் இருந்த பல சாதியாருடையவை. அவை ஒரே காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. நம்முடைய வம்சாவளியின் முதற்பக்கம் இதுதான்.

சுவார்ட்ஸ் ஐயரால் 1790ல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அவர் மூலமாய் விசுவாசத்திற்கு வந்தவர் சாத்தான்குளத்துப் பக்கத்தவராகிய சுந்தரானந்தம் என்னும் தாவீது. அவர் தம் சுற்றத்தார் நடுவே உபதேசித்ததன் விளைவாகச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் ஊர்களில் நிம்மதியாய் வாழ இயலாமற்போனபடியால், அவர்களுக்கென்று நிலம் வாங்கி 1799ல் ஏற்படுத்தப்பட்ட கிராமமே முதலூர். இந்த விருத்தாந்தம் நம்மில் பெரும்பாலோர் அறிந்ததாதலால் நான் விரிக்கவில்லை. அதற்குப் பின் வந்ததும், யாரும் அதிகம் பேசாததுமாகிய ஒரு காலத்தைப் பற்றியே நின்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன்.

1802ல் மிஷனெரியாகிய கெரிக்கே ஐயர் இப்பக்கம் யாத்திரை வந்ததையொட்டி ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். மறு வருஷமே அவர் காலஞ்சென்றார். சில காலம் இங்கே ஊழியஞ்செய்த ரிங்கல்தோபே ஐயரும் பின்னர் திருவிதாங்கூர் நாட்டுக்குப் போய்விட்டார். அப்போது தொடங்கி, ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக் குருவாய் வந்துசேர்ந்த 1816 வரை, ஏறக்குறைய பத்து வருஷங்கள், இந்தச் சீமையில் ஐரோப்பிய மிஷனெரி ஒருவரும் குடியிருக்கவில்லை. இடையே 1811ல் கொடிய விஷக்காய்ச்சல் பரவித் திரளான ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. தங்கள் பழைய தெய்வங்களை விட்டதனால்தான் இந்தத் தண்டனை வந்தது என்று அண்டை அயலார் சொல்ல, அதைக் கேட்டு மனந்தளர்ந்து திரும்பிப்போனவர்களும் உண்டு. திரும்பிப்போகாமல் நின்றவர்களும் உண்டு. அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதே என்னை நெடுங்காலமாய் ஆட்கொண்டிருக்கிற கேள்வி.

அவர்களை நிற்கச்செய்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க தமிழ்க் குருமாரும், கிராமங்களில் இருந்த உபதேசியார்களுமே. உபதேசியார் என்பவர் யார்? ஞானஸ்நானம் கொடுக்கவோ இராப்போஜனம் பரிமாறவோ அதிகாரமில்லாதவர், அற்பச் சம்பளக்காரர், அதுவும் மாதந்தோறும் தவறாமல் வந்துசேரும் என்ற நிச்சயமில்லாதவர். மண்சுவர் எழுப்பிப் பனையோலை வேய்ந்த ஒரு ஜெபவீடும், நூல் பிரிந்த ஒரு புதிய ஏற்பாடும், சில ஓலைச்சுவடிகளுமே அவருடைய கருவிகள். விடியுமுன் பனைக்குப் போகிறவர்களோடு ஒரு ஜெபமும், இருட்டினபின் அவர்கள் திரும்பி வந்ததும் ஒரு ஜெபமும் நடத்துவார். எழுத்தறியாத அவர்கள் வாயில் ஞானோபதேசத்தைக் கேள்வியும் விடையுமாய்ப் பதியவைப்பார். பிள்ளைகளை மணலில் உட்காரவைத்து விரலால் எழுத்தை வரைவிப்பார். யாரேனும் மரித்தால் முதலில் ஓடிப்போய், குழி வெட்டுகிறவர்களோடு நின்று அடக்கஞ்செய்து, அந்த வீட்டார் அன்றிரவு தனியே அழாதபடி கூட இருப்பார். குருவானவர் ஊருக்கு வர மாதங்கள் செல்லும். சில இடங்களில் அதற்கும் மேலாகும். அவர் வருமட்டும் சபையென்று ஒன்று இருந்ததென்றால் அது உபதேசியாரின் குரலைச் சுற்றியே இருந்தது.

ஹஃப் ஐயர் வந்து பார்த்தபோது, மேய்ப்பனற்று அழிந்துபோயிருக்கும் என்று எவரும் எண்ணத்தக்க ஒரு ஜனம், பல கிராமங்களில் ஓய்வுநாள் தவறாமல் கூடி ஜெபித்துவருவதைக் கண்டார். அவர் விண்ணப்பத்தின் பலனாகவே 1820ல் மிஷனெரியாகிய ரேனியஸ் ஐயர் இங்கு வந்தார். ரேனியஸ் ஐயரின் பெயரை அறியாத கிறிஸ்தவர் இச்சீமையில் இல்லை. 1826ல் எழுந்த பாளையங்கோட்டைத் திரித்துவ ஆலயம் அவர் காலத்தை இன்றைக்கும் பறைசாற்றுகிறது. அதுபோலவே இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் பல்லாண்டுகள் பாடுபட்டுக் கட்டி 1880ல் பிரதிஷ்டை பண்ணின ஆலயமும், அதற்குள் இருக்கும் அவருடைய கல்லறையும் காண்போர் நெஞ்சைக் கனியச்செய்யும். இப்பெரியோருக்குச் செலுத்தவேண்டிய நன்றியில் ஒரு அணுவும் குறைக்க நான் சம்மதியேன். ஆனால் அந்தப் பத்து வருஷங்கள் கடக்கப்படாமற் போயிருந்தால், ரேனியஸ் ஐயர் வந்து சேர்வதற்கு இங்கே ஒரு சபை இருந்திராது. அதைக் கடத்திக் கொண்டுவந்து கரைசேர்த்த உபதேசியார்களுக்கோ சலவைக்கல் இல்லை, சரித்திரப் புஸ்தகத்தில் ஒரு வரியும் பெரும்பாலும் இல்லை. நம்மில் யாருடைய இரத்தத்தில் அவர்களுடைய இரத்தம் ஓடுகிறது என்பதும் அறியக்கூடாதது. அறியக்கூடாததாகவே இருக்கட்டும், அதனால் அவர்கள் எல்லாருக்கும் பொதுவான பாட்டன்மாராயினர்.

சில ஆண்டுகளுக்கு முன், தேரிக்காட்டுக் கிராமம் ஒன்றின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. தடித்த தோலட்டை, ஓரங்களைப் பூச்சி அரித்த நீலந்தோய்ந்த காகிதம், தேதி, பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில், குடியிருப்பு, ஞானத் தகப்பன், ஞானத் தாய், குருவானவர் கையொப்பம் என்று கட்டங் கட்டமாய் மையினால் இழுத்த கோடுகள். தொழில் என்னும் கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் பனையேறி, பனையேறி, பனையேறி என்றே எழுதியிருந்தது. குழந்தைகளின் பெயர்கள் நடுவே ஓரிடத்தில் பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற ஒரு நாளின் வரிகள் வந்தன. ஒரு வரியில், ஊர்த்தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஒரு முதியவளின் பழைய பெயரும், அதற்கு எதிரே ஞானஸ்நானத்தில் அவள் ஏற்ற புதுப் பெயரும் இருந்தன. தகப்பன் பெயர், தாய் பெயர் ஆகிய இரண்டு கட்டங்களும் வெறுமையாய் விடப்பட்டிருந்தன. அவளுக்குத் தெரியவில்லையோ, கேட்டு எழுத யாருக்கும் தோன்றவில்லையோ, நான் அறியேன். ஆனால் ஞானத் தாய் என்னும் கட்டம் நிரம்பியிருந்தது. உபதேசியாருடைய மனைவி என்று அதில் எழுதியிருந்தது. வயதில் தன் மகளைப்போல இருந்திருக்கக்கூடிய ஒருத்தியைத் தாயாகப் பெற்று அந்த மூதாட்டி சபைக்குள் வந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் கண்டபின், சபையில் ஒருவருக்கு முன்னோர் எவ்விதம் உண்டாகிறார்கள் என்பதைப் பற்றி எனக்கு யாரும் உபதேசம் பண்ண வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் சொன்னவன் மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் உண்மைக்குத் துரோகியாவேன். நம் முன்னோர் இந்தப் புது உறவை எக்காலத்திலும் மனமுவந்து ஏற்றார்கள் என்று சொல்லக்கூடாது. தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் சென்னை வேப்பேரியிலும் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாய் உட்கார்ந்தார்கள். 1833ல் கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன் ஐயர் சாதி வேற்றுமையைச் சபையில் ஒழித்துவிட வேண்டுமென்று நிருபம் அனுப்பினபோது, அதற்கு இணங்காமல் ஆலயத்தை விட்டு வெளியேறினவர்கள் அநேகர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார், அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் நமக்குப் பண்டிகையே இல்லையென்று சொல்லத்தக்க அந்த மகாகவி, இந்த வழக்கில் சாதி முறைமையின் பக்கமே நின்றார். நாம் என்ன செய்வது? அவருடைய பாட்டை வைத்துக்கொண்டு அவரைத் தள்ளிவிடலாமா? அல்லது அவர் பெரியவர் என்பதனால் அவர் கொண்ட பக்ஷமும் சரியே என்று சாதிக்கலாமா? இரண்டும் பிள்ளைகளுக்கு அடுத்த காரியமன்று. அவருடைய பாட்டை நன்றியோடு பாடுவோம். அவர் செய்யத் தவறினதை அவர் ஸ்தானத்தில் நின்று செய்துமுடிப்போம். முன்னோரின் சொத்தை ஏற்றவன் அவர்களுடைய கடனையும் ஏற்றவனே என்பது நம் நாட்டுத் தர்மம் நன்கறிந்த நியாயம்.

அக்கடன் இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில், ஒரே விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிட்டு மரித்தவர்களை மண்ணுக்குள்ளும் சாதியினால் பிரிக்கிற சுவர்கள் இருந்துவருகின்றன. சபையின் தேர்தல்களில் இன்னான் எந்தச் சாதி என்ற கணக்கு இரகசியமாகவும், சில வேளைகளில் வெளியரங்கமாகவும் நடைபெறுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது. பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்பதை ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிடுகிற நாம், 1780ன் ஜாபிதாவிலுள்ள அந்த நாற்பது பேரில் நம் சாதியாரை மாத்திரம் நம்முடையவர்களென்று பொறுக்கி எடுப்போமானால், மீதியானோரைத் தாய் தகப்பன் அல்லவென்று மறுதலிக்கிறோம். அப்படி மறுதலித்தபின் நமக்கு மிஞ்சுவது ஒரு குலத்தின் சரித்திரமேயன்றித் திருச்சபையின் சரித்திரமன்று.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. நம்மில் சாதாரண ஜனங்கள் புஸ்தகத்தைப் பாராமலே செய்துவருகிற சில காரியங்களில் இந்த உறவு உயிரோடிருக்கிறது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் நடக்கும் அசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலையிலேயே ஆலய வளாகத்தில் தேங்காய் துருவுகிறவர்களும் வெங்காயம் உரிக்கிறவர்களும் கூடிவிடுகிறார்கள். இரவெல்லாம் அடுப்புகள் எரிகின்றன. விடிந்தபின், வெந்த சோற்றை அண்டா அண்டாவாகத் தூக்கிவந்து, புதிய ஓலைப்பாய்களின்மேல் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டுகிறார்கள். ஆவி அடங்கும்வரை அதை மற்றொரு துணியால் மூடிவைக்கிறார்கள். குருவானவர் ஜெபித்து ஆசீர்வதித்ததும் பந்தி தொடங்குகிறது. சென்னையிலும் பம்பாயிலும் வேலைபார்க்கிறவர்கள் விடுமுறை பெற்று வந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறுகிறார்கள். அடுத்த தெருவிலிருக்கும் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து உட்காருகிறார்கள். யார் பக்கத்தில் யார் என்று கேட்பாரில்லை. எத்தனையோ சாதித் தடைகளை நியாயம் பேசித் தீர்க்க முடியாமல் நம் முன்னோர் பிரிந்துபோனார்களே, அந்த வழக்குக்கு நம் கிராமத்துத் தாய்மார் சோற்றினால் தீர்ப்புச் சொல்லிவருகிறார்கள்.

இன்னொன்று கைப்பிடி அரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கத்தைச் சொல்லுகிறேன். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830ல், துன்பப்பட்ட விசுவாசிகளுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பதற்காக ஏற்பட்ட தர்ம சங்கமும் இப்படிப்பட்ட ஏழைகளின் ஈகை உணர்ச்சியையே ஆதாரமாகக் கொண்டது. தாங்கள் பாடுபட்டு நின்றதனால், இனிப் பாடுபடப்போகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று எண்ணினவர்கள் அவர்கள்.

அந்த எண்ணம் தாமிரபரணியோடு நின்றுவிடவில்லை. வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய தோழர்களும் 1903ல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் திருநெல்வேலியில் ஸ்தாபித்தார்கள். இந்தியப் பணத்தைக் கொண்டு, இந்திய ஊழியரைக் கொண்டு, அந்நியப் பாஷை பேசும் ஜனங்களிடத்தில் போகவேண்டுமென்பதே அவர்கள் செய்துகொண்ட தீர்மானம். தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் அவர்களுடைய வயலாயிற்று. 1912ல் அசரியா ஐயர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராய் அபிஷேகம் பெற்று அந்த வயலுக்கே சென்றார். அங்கே திரள்திரளாய்ச் சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட சாதியார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்கள் சபையின் ஆதியைச் சொல்லத் தொடங்கும்போது, தமிழ்த் தேரிக்காட்டிலிருந்து போன மனிதரின் பெயர்களையும், அவர்களை அனுப்பின ஏழைகளின் காணிக்கையையும் சொல்லவேண்டியவர்களாகிறார்கள். முதலூரின் பனையேறிகள் தோர்ணக்கலின் தெலுங்கருக்குப் பாட்டன்மாராயினர். இரத்தத்தைக் கொண்டு கணக்கிடுகிற எந்த வம்சாவளியிலும் இதற்கு இடமில்லை.

இனி நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. நம் சேகரங்களில் உள்ள பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் பல, அலமாரியின் அடித்தட்டில், கரையானுக்கும் உப்புக்காற்றுக்கும் இரையாகிக் கிடக்கின்றன. அவற்றைப் படம்பிடித்துவைப்பது இக்காலத்தில் கடினமன்று. வாலிபர் சங்கத்தார் சில விடுமுறை நாட்களில் செய்து முடிக்கலாம். அதோடு நிற்காமல், ஒவ்வொரு சபையிலும் ஊழியஞ்செய்த உபதேசியார்களின் பெயர்களை அந்தப் பதிவேடுகளிலிருந்தும், வயதான தாய்மாரின் ஞாபகத்திலிருந்தும் திரட்டி, வருஷ வரிசையாய் ஒரு ஜாபிதா எழுதவேண்டும். பெயர் தெரியாத இடங்களில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை ஒரு உபதேசியார் என்றாவது எழுதவேண்டும். குருமாரின் பெயர்ப்பலகை ஏறக்குறைய எல்லா ஆலயங்களிலும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இந்த ஜாபிதாவையும் மாட்டி, பிரதிஷ்டைப் பண்டிகையன்று அசனத்துக்கு ஜெபிக்குமுன் அதைச் சத்தமாய் வாசிக்கும்படி ஏற்பாடு செய்வீர்களானால், அந்த வாசிப்புக்கு வந்து நிற்க நான் ஆசையாயிருக்கிறேன். பெயர்களைத் திரட்டும் வேலையில் என்னால் ஆன உதவியைச் செய்யவும் ஆயத்தமாயிருக்கிறேன்.